மிசூரி ஆற்றில் படகில் மிதந்தபடி டிரவுட் பிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹோல்ட்டர் அணைக்குக் கீழே தொடங்கி கேஸ்கேட் என்ற சிற்றூர் வரை, மிசூரி ஆறு சுமார் 35 மைல் தூரம் அகலமாக, பெரிய பாறைச் சரிவுகளோ பயமுறுத்தும் சுழல்களோ இல்லாமல் ஓடுகிறது. கைடு துடுப்புப் போட, இரண்டு பேர் படகில் மிதந்துகொண்டே ஃபிளை (பூச்சிபோல முள்ளில் கட்டிய போலி இரை) தூண்டில் போடும் ஒருநாள் பயணத்துக்கு இங்கே வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஆறு இவ்வளவு அமைதியாக இருந்தால் மீன் பிடிப்பதும் சுலபம்தானே?

படகில் போவது சுலபம். மீன் பிடிப்பது அப்படி இல்லை. நுரைத்து ஓடும் மலையோடையில் மீனுக்கு யோசிக்க நேரமில்லை. எதிரே வருவதை அரை நொடிக்குள் கவ்வினால் உண்டு, இல்லையென்றால் போய்விடும். மிசூரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. மீன் இருந்த இடத்திலேயே மிதந்தபடி, வருகிற பூச்சியை நன்றாகப் பார்த்து, தனக்குப் பிடித்தால்தான் வாயைத் திறக்கும். அதனால் இந்த ஆற்றில் எவ்வளவு தூரம் வீசுகிறீர்கள் என்பதைவிட, போட்ட ஃபிளை இழுபடாமல் மிதக்கிறதா என்பதுதான் முக்கியம். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

"காட்டு டிரவுட்" என்றால் என்ன? இவை இந்த ஆற்றுக்கே உரிய மீன்களா?

இரண்டும் வேறு வேறு. இங்கே பிடிபடும் ரெயின்போ டிரவுட்டும் பிரவுன் டிரவுட்டும் இந்த ஆற்றின் பூர்வீக மீன்கள் அல்ல. ரெயின்போ பசிபிக் கரைப்பக்கத்து மீன். பிரவுன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1883-ல் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளோடுதான் அமெரிக்காவில் அதன் கணக்கு தொடங்குகிறது. இந்தப் பகுதியின் சொந்த டிரவுட் கட்த்ரோட். 1805-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் இன்றைய கிரேட் ஃபால்ஸ் அருவிகளின் அருகே பிடித்தது அதைத்தான்.

ஆனாலும் இவற்றைக் காட்டு மீன் என்கிறோம். பண்ணையில் பொரித்து வளர்த்து விடப்பட்டவை அல்ல, ஆற்றிலேயே முட்டையிலிருந்து வந்தவை. மொன்டானா 1974-லிருந்து, தாமாகப் பெருகும் டிரவுட் உள்ள ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திக்கொண்டது. மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வில், பண்ணை மீன் விடுவது காட்டு மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று தெரியவந்ததே காரணம். எத்தனையோ நாடுகள் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் அது. மிசூரியின் ரெயின்போக்களில் பல, லிட்டில் பிரிக்லி பியர், டியர்போர்ன் போன்ற கிளையாறுகளுக்கு வசந்தத்தில் ஏறிப்போய் முட்டையிடுகின்றன. ஆனால் அணைக்கு மேலே இருக்கும் ஹோல்ட்டர் ஏரியில் இன்னும் மீன் விடுகிறார்கள். அவற்றில் சில அணையைத் தாண்டிக் கீழே வந்துவிடும். மீனின் துடுப்பு ஓரங்கள் தேய்ந்தும் மழுங்கியும் இருந்தால் அது பண்ணை மீனாக இருக்கலாம். ஆற்றில் பிறந்ததன் துடுப்புகள் ஓரம் வரை முழுசாக, கூர்மையாக இருக்கும்.

நீலகிரி அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய பொரிப்பகத்தின் டிரவுட்டைப் பார்த்தவர்களுக்கு ரெயின்போவின் பக்கவாட்டு இளஞ்சிவப்புப் பட்டை பழக்கமானதுதான். இங்கே அது பதினான்கு முதல் பதினெட்டு அங்குல உடம்பின் மேல் ஓடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் கிரெய்க் என்ற சின்ன ஊரில் கைடைச் சந்திப்பீர்கள். படகு இறக்கும் துறை ஒன்று, ஏற்றும் துறை வேறொன்று. நீங்கள் மிதந்துகொண்டிருக்கும்போது உங்கள் வண்டியையும் டிரெய்லரையும் கூலிக்கு ஓட்டிக் கீழ்த் துறையில் நிறுத்த ஆள் உண்டு. முழுநாள் என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். சைவம் மட்டும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், காலையில் சொன்னால் சாண்ட்விச்சில் இறைச்சி ஏற்கெனவே இருக்கும்.

படகு தட்டையான அடியுடன், முன்னும் பின்னும் சற்று மேலெழுந்த டிரிஃப்ட் போட். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் கைடு. கைடு ஆறு ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைப் பின்னோக்கி இழுத்து, நீரோட்டத்தைவிடப் படகை மெதுவாக்குகிறார். கையில் சக்தி இருந்தால் போதும் என்று தோன்றும், ஆனால் நல்ல கைடின் திறமை முழுக்க அந்த வேகத்தைச் சரிபார்ப்பதில்தான். படகும் ஃபிளையும் ஒரே வேகத்தில் போனால், உங்கள் கை அதிகம் தேறாவிட்டாலும் ஃபிளை ஐம்பது அடி தூரம் இழுபடாமல் மிதக்கும்.

தூண்டிலே தொட்டதில்லை. வரலாமா?

வரலாம். முதல் அரைமணி நேரம் கரையோரத்தில் வீசக் கற்றுக்கொடுக்கும்படி கேளுங்கள். தொடக்கக்காரருக்கு நீருக்கு அடியில் போகும் நிம்ஃப் (பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃபிளை) முறையே ஏற்றது: ஒரு மிதவை, அதன் கீழே நீளமான நரம்பு, முனையில் ஒன்றிரண்டு நிம்ஃப். தூரம் வீசத் தேவையில்லை, மிதவை ஒரு நொடி தயங்கினாலும் கோலைத் தூக்கினால் போதும்.

எந்த மாதம் வரவேண்டும்?

பூச்சியைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பேட்டிஸ் என்ற சின்ன ஒலிவநிற மேஃபிளைப் பூச்சி வரும். மேகமூட்டம், தூறல், குளிர் இருக்கும் பிற்பகல்தான் அதற்குப் பொன்னான நேரம். வெயில் நாளில் ஏமாற்றிவிடும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை பி.எம்.டி. (பேல் மார்னிங் டன்) என்ற வெளிர்மஞ்சள் நிற மேஃபிளை; அந்தியில் கேடிஸ் என்ற பூச்சி. ஜூலை பிற்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ட்ரைக்கோ என்ற மிகச் சின்ன மேஃபிளை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் பேட்டிஸ் திரும்ப வரும். கூட்டமும் குறையும், பிரவுன் டிரவுட் முட்டையிடும் பருவத்துக்கு முன்பு முரட்டுத்தனமாகத் தின்னும். பெரிய மீனுக்குப் பெரிய ஸ்ட்ரீமர் (சிறு மீன்போலக் கட்டிய ஃபிளை) போட விரும்புகிறவர்களுக்கு அக்டோபர்.

ஜூனில் நீர்வரத்து கூடலாம். வழக்கமான கோடையில் ஹோல்ட்டருக்குக் கீழே விநாடிக்கு 3,500 முதல் 5,000 கனஅடி வரை ஓடும். அதைவிட மிகக் கூடினால் இறங்கி நிற்கும் இடங்கள் குறையும், படகில் பிரச்சினை இல்லை. டியர்போர்னுக்கு அணை இல்லாததால் பெருமழைக்குப் பிறகு அதன் கலங்கல் மிசூரியில் சேரும். அன்று அதற்கு மேற்பகுதியில் மிதக்கும்படி கைடிடம் கேட்கலாம்.

ட்ரைக்கோ நாளைத் தவறவிடாதீர்கள். காலை வெயில் ஏறும்போது அந்தப் பூச்சிகள் மழைக்குப் பிறகு கிளம்பும் ஈசல்போல ஆற்றின் மேல் புகைமாதிரி திரண்டு, முட்டையிட்டு, இறக்கை விரித்தபடியே தண்ணீரில் விழும். அவற்றின் மேல் டிரவுட் வரிசைகட்டி நின்று, தலையை ஒரே சீராக மேலும் கீழும் அசைத்துத் தின்னும். முள் எண் 20 அல்லது 22, அரிசியைவிடச் சின்னது. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிபவர்கள் அதை வீட்டில் மறந்துவிட்டால் அந்தக் காலை முழுவதும் கைடுதான் முடிச்சுப் போட வேண்டியிருக்கும்.

என்ன கோல், என்ன நரம்பு?

பொதுவாகக் கைடிடம் எல்லாம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கொண்டுவருவதானால் 9 அடி, 5 எண் கோல். காற்றுக்கும் ஸ்ட்ரீமருக்கும் 6 எண். லீடர், அதாவது லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு, மேற்பரப்பு ஃபிளைக்கு 12 அடி. டிப்பெட் எனப்படும் அதன் கடைசிப் பகுதி பெரும்பாலும் 5எக்ஸ், 0.15 மி.மீ. தடிமன், ட்ரைக்கோவுக்கு 6எக்ஸ், 0.13 மி.மீ.

எக்ஸ் எண் கூடினால் நரம்பு மெலியும். எண்ணை 11-லிருந்து கழித்தால் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும்: 11 கழித்தல் 5, ஆறு.

அடிக்கடி பார்க்கும் தவறு, காலையில் கட்டிய டிப்பெட்டை மாலை வரை மாற்றாமல் இருப்பது. கல்லிலும் களையிலும் உரசி அது சொரசொரப்பாகிவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு தடை தெரிந்தாலே இரண்டடி வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். நரம்பு அறுந்தால் பெரும்பாலும் முடிச்சில்தான் அறுகிறது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள்; உலர்ந்த நரம்பு உராய்வில் சூடாகி வலுவிழக்கும்.

ஃபிளை மீனின் தலைக்கு மேலேயே போகிறது. ஆனால் தொட மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் இழுபடுவதால்தான். ஆற்றின் நடுவில் நீர் வேகமாக, ஓரத்தில் மெதுவாகப் போகிறது. லைன் நடுநீரில் கிடக்க ஃபிளை ஓரநீரில் கிடந்தால், லைன் முன்னே போய் ஃபிளையை இழுக்கும். ஃபிளைக்குப் பின்னால் மெல்லிய V வடிவக் கோடு தெரியும். படகிலிருந்து அது தெரியவில்லை என்றாலும் மீனுக்குத் தெரியும். இயற்கைப் பூச்சி அப்படிப் போகாது.

வழி என்ன? ஃபிளை நரம்புக்கு முன்னால் மீனிடம் போய்ச் சேர வேண்டும். கைடு மீனுக்கு மேற்புறமாக (தண்ணீர் வரும் பக்கம்), பக்கவாட்டில் ஏறக்குறைய 40 அடி தள்ளிப் படகை நங்கூரமிடுவார். நீங்கள் குறுக்காகவும் கீழ்நோக்கியும் வீசுங்கள். லைன் காற்றில் நேராகும்போதே, தண்ணீரைத் தொடும் முன், கோலை மேற்புறம் நோக்கி நீட்டிச் சாய்த்துவிடுங்கள். இதை ரீச் காஸ்ட் என்கிறார்கள். லைன் மேற்புறம் விழும், ஃபிளை கீழ்ப்புறம் விழும். மீனுக்கு மூன்று நான்கு அடி முன்னால் ஃபிளை விழுந்தால் சரி. பிறகு கோல் நுனியைத் தாழ்த்தி, ஃபிளையுடன் சேர்ந்து நகர்த்தி, கையிலிருக்கும் தளர்ந்த லைனைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஃபிளை மீனைத் தாண்டி நாலைந்து அடி போகும் வரை தூக்காதீர்கள். மீனின் மூக்குக்கு மேலேயே லைனைப் பறித்து எடுத்தால் அந்த மீன் அடங்கிவிடும். அடுத்த ஐந்து நிமிடம் வீணாகும். ஒரே மீனுக்கு ஐந்தாறு தடவை ஃபிளை இழுபடாமல் மிதந்து போயும் எடுக்கவில்லையா? அப்போதுதான் ஃபிளையை மாற்றுங்கள். முதல் வீச்சிலேயே ஃபிளையைக் குறை சொல்லிப் பெட்டியைத் திறப்பவர்கள் நிறைய. உண்மையில் அந்த ஃபிளை ஒரு தடவைகூடச் சரியாக மிதந்திருக்காது.

மீன் மேலே வந்து தின்கிறது, ஆனால் என்ன தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழும்பும்போது எது தெரிகிறது என்று பாருங்கள். மூக்கு நீருக்கு வெளியே தெரிந்து, மூடும்போது ஒரு குமிழி விட்டால், மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியை எடுக்கிறது. மூக்கு தெரியாமல், முதுகுத் துடுப்பும் வால் நுனியும் மட்டும் உருண்டு மறைந்தால், மேற்பரப்புக்கு ஓரிரு அங்குலம் கீழே, ஓடு கிழித்து வெளியேறத் தவிக்கும் பூச்சியை எடுக்கிறது. இரண்டாவது வகைக்கு மேலே உயர்ந்து மிதக்கும் ஃபிளையைக் காட்டினால் பயனில்லை. பாதி உடல் நீருக்குள் தொங்கும் எமெர்ஜர் கொடுங்கள்.

அடுத்து எண்ணுங்கள். சீராகத் தின்னும் மீன் தாளத்தோடு எழும்பும். எட்டு நொடிக்கு ஒருமுறை எழுந்தால், அதற்குத் தகுந்த நேரத்தில் ஃபிளை அந்த இடத்தைக் கடக்கும்படி வீசுங்கள்.

படகில் இருவரும் வீசும்போது லைன் சிக்கிக்கொள்கிறதே?

முன்னால் இருப்பவர் முன்புறத்திலேயே வீசட்டும். பின்னால் இருப்பவர் பின்புறத்திலேயே. கைடின் தலைக்கு மேலே முள்ளைப் பறக்கவிடாதீர்கள். இருவரின் லைனும் இணையாகக் கிடந்தால் சிக்காது. எல்லோரும் தொப்பியும் கண்ணாடியும் அணிந்திருப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும்போது முள் போகும் வழி யாருக்கும் தெரியாது.

கடித்ததும் தூக்கினேன், வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது போல ஃபிளை மட்டும் வந்துவிட்டது. என்ன செய்வது?

அவசரம். கீழ்நோக்கி வீசும்போது நீங்கள் மேலே, மீன் கீழே. வாய் உங்களைப் பார்த்துத் திறந்திருக்கிறது. உடனே இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃபிளை நேராக வெளியே வரும். மீன் வாய் மூடித் தலையைக் கீழே திருப்பும் வரை பொறுங்கள். பிறகு கோலை உதறாமல் மெதுவாக உயர்த்துங்கள்.

நிம்ஃபில் இது தலைகீழ்: மிதவை தயங்கிய உடனே இழுக்க வேண்டும், கீழ்ப்புறமாக.

மீன் ஓடினால் ஓட விடுங்கள். கையால் ரீலைப் பிடித்து நிறுத்தினால் 5எக்ஸ் அங்கேயே அறுந்துவிடும். அது நின்றதும் கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி, அது போக விரும்பும் திசைக்கு எதிராகச் சாய்த்து இழுத்தால் விரைவில் களைத்துக் கரைக்கு வரும்.

மீனை எப்படித் திரும்ப விடுவது?

வலை தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை முதலில் நனையுங்கள்; உலர்ந்த கை செதிலின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். முள்ளின் முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூரைக் குறட்டால் முன்பே நசுக்கிவைத்திருந்தால், திருப்பினாலே கழன்றுவிடும். படம் எடுப்பதானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு தூக்குங்கள். பத்து நொடிக்குள் முடியட்டும். நீரோட்டத்தை நோக்கி முகம் வைத்துப் பிடித்திருங்கள், உதைத்துப் போகும்போது போகட்டும். விரல் செவுளுக்குள் போகக்கூடாது.

விட்டுவிடுவதுதான் கைடுகளின் வழக்கம். வீட்டுக்கு எடுத்துச் செல்ல எண்ணினால் மாநில விதிப்புத்தகத்தில் இந்தப் பகுதிக்கான வரம்பைப் பாருங்கள், அதைப் பற்றி முன்கூட்டியே கைடிடமும் பேசுங்கள்.

கோடையில் பிற்பகல் மீன்பிடிக்கத் தடை என்கிறார்களே?

தண்ணீர் சூடானால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறையும். போராடிய டிரவுட் நீந்திப் போவது போலத் தெரிந்தும் பிறகு செத்துப்போகும். மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் நீர் 73 ஃபாரன்ஹீட் (சுமார் 23 செல்சியஸ்) தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தடை விதிப்பது வழக்கம். இதற்கு ஹூட் ஆவுல் என்று பெயர். அணைக்குக் கீழிருப்பதால் மிசூரி மற்ற ஆறுகளைவிடத் தாங்கும். ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் விடிகாலையில் தொடங்கச் சொல்லுங்கள். 68 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே தடிமனான நரம்பு கட்டி, சண்டையைச் சீக்கிரம் முடிக்கப் பாருங்கள்.

ஆகஸ்டில் முள்ளில் பச்சையாக எதோ ஒட்டிக்கொண்டே வருகிறது?

களை. கோடைப் பிற்பகுதியில் ஆற்றின் தரையில் அடர்ந்து வளரும், பிய்ந்து மிதக்கும். களை ஒட்டிய நிம்ஃபை எந்த மீனும் தொடாது. ஒவ்வொரு இரண்டு மூன்று வீச்சுக்கும் ஒருமுறை எடுத்துப் பார்த்து அகற்றுங்கள். ஆழத்தைச் சற்றுக் குறைத்தால் பாதித் தொல்லை தீரும். மேற்பரப்பு ஃபிளைக்கு மாறினால் இன்னும் நல்லது.

அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது?

மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் இணையத்தில் அல்லது கடையில். வெளிமாநிலத்தவருக்கு மீன்பிடி உரிமம் மட்டும் போதாது. இயற்கைவளப் பாதுகாப்பு (கன்சர்வேஷன்) உரிமமும், நீர்வாழ் ஆக்கிரமிப்பு உயிர்களைத் தடுக்கும் அனுமதியும் சேர்த்து வாங்க வேண்டும். உரிம ஆண்டு மார்ச் 1-ல் தொடங்குகிறது. கைடிடமும் மாநில வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். கேட்பதில் தயக்கம் வேண்டாம், நல்ல கைடு காட்டுவார்.

ஆற்றங்கரை பெரும்பாலும் தனியார் நிலம். ஆனால் 1985-ன் சட்டப்படி, வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் எங்கும் இறங்கி நிற்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டி மேய்ச்சல் நிலத்தில் ஏறுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

செலவு எவ்வளவு?

முழுநாள் கட்டணம் படகுக்கு, தலைக்கு அல்ல. சுமார் 600 முதல் 800 டாலர் என்று எதிர்பார்க்கலாம், இருவர் பகிர்ந்துகொள்ளலாம். உரிமம் இதில் சேராது, ஃபிளைகள் சேருமா என்பது இடத்துக்கு இடம் வேறு. கைடுக்கு 15 முதல் 20 சதவீதம் டிப் கொடுப்பது வழக்கம், மீன் பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும்.

நீச்சல் தெரியாது. குழந்தையை அழைத்து வரலாமா?

உயிர்காப்புச் சட்டை படகில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். மொன்டானாவில் 12 வயதுக்குட்பட்டவர்கள் சின்னப் படகு ஓடும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும். நீச்சல் தெரியாத பெரியவர்களும் அணியுங்கள், கோடையிலும் தண்ணீர் குளிர்தான். குழந்தைகளுக்கு அரைநாள் போதும்.

என்ன அணிவது? எதற்குப் பயப்பட வேண்டும்?

காலையில் ஸ்வெட்டர், மதியம் முழுக்கைச் சட்டை, மழைக்கோட்டு எப்போதும். தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி. காற்று பிற்பகலில் வலுக்கும். அதனால் கடினமான மீன்களைக் காலையிலேயே பிடிக்கப் பாருங்கள். இடி கேட்டால் கோலைக் கீழே வையுங்கள். கார்பன் கோல் மின்னலுக்கு நல்ல கடத்தி. கரையில் இறங்கும்போது பாறைகளில் ராட்டில் என்ற விஷப் பாம்பு இருக்கலாம், கால் வைக்குமுன் பாருங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஷூ, வேடர்ஸ் (தண்ணீரில் நிற்க அணியும் நீர்புகா உடை), வலை எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை வடித்து, நன்றாக உலர்த்துங்கள். ஒரு துளிச் சேற்றிலேயே நியூசிலாந்து நத்தை அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்தவைக்கும் வேர்லிங் நோய் மேடிசன் ஆற்றில் 1994-ல் கண்டறியப்பட்டது. அதன் வித்துகள் சேற்றில் தங்கும். கைடு எடுத்துச் செல்லும் படகுக்கும் இதே விதி. மாநில எல்லையில் அல்லது சாலையோரத்தில் சோதனைச் சாவடி இருந்தால் படகு கொண்டுவருபவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும்.